மூத்தவனின் தம்பி

கடலோரத்தில், உப்பங்கழிகள் நிலத்துக்குள் புகுந்து கிளை கிளையாகப் பிரியும் இடத்தில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு மேடு இருந்தது. மேட்டின் மீது ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஓர் அம்மையார் இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் மேட்டம்மா என்று சொல்லத் தொடங்கி, அதுவே பெயராகிவிட்டது.

அவரிடம் வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள். சில நேரம் அவர் பதில் சொல்வார். பல நேரம் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

மாசிலாமணி அவருடைய சீடர். வயதில் அவரைவிட மிகவும் மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமாவாசைதோறும் படகில் வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புவார். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை சார் என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

மாசிலாமணிக்கு அவர் ஊரில் ஒரு பெருமை உண்டு. சின்ன வயதில், ஒரு பெரும்புயலின்போது கடல் ஊருக்குள் புகுந்தது. தாயும் தகப்பனும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவுக்குப் போயிருந்தார்கள். கைக்குழந்தையான தங்கையை ஒரு கையிலும் பூவரச மரத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, விடியும்வரை கிளையில் இருந்தவர் மாசிலாமணி.

அந்தக் கதைக்காகவே பள்ளிக்கூடத்தில் அவரைக் கட்டணம் வாங்காமல் படிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். பள்ளி திறக்கும் நாளில் மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்கு அவர் அதைச் சொல்வார். தங்கை சௌந்தரம் பொங்கலுக்குப் பொங்கல் வந்து காலில் விழுந்து, “அண்ணன் இல்லேன்னா நான் இல்ல” என்று எல்லோர் முன்னாலும் சொல்வாள். “சரி சரி, எழுந்திரு” என்பார் அவர். ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துதான் அதைச் சொல்வார்.

ஒரு மார்கழிக் காலையில், அமாவாசை இல்லாத ஒரு நாளில், அவர் மேட்டில் வந்து இறங்கினார். பனி விலகியிருக்கவில்லை. அவரை இறக்கிவிட்ட படகு திரும்பிப் போனபோது, போவது தெரியவில்லை. தண்ணீரைத் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

மேட்டம்மா உமரிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, எனக்குள்ள இருக்கிற ஒண்ணை எடுத்து வெளியே போடணும். எப்படிப் போடறதுன்னு சொல்லணும்.”

“உக்காருங்க சார்.”

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

அவருடைய தாயார் தர்மாம்பாளுக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. ஓராண்டாக நினைவு நழுவிக்கொண்டிருந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு மருமகள் தையல்நாயகியின் பெயரை மறந்தார். பிறகு வாசல் எந்தப் பக்கம் என்பதை மறந்தார். எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு பெயர் அவர் வாயில் வந்தது.

“வைத்தி எங்கே? மூத்தவன் எங்கே? இன்னும் காணோமே.”

“நான்தாம்மா மூத்தவன்” என்றார் மாசிலாமணி.

“நீ யாருப்பா?”

“மாசிலாமணிம்மா. புயல்ல தங்கச்சியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேனே.”

தர்மாம்பாள் அவரைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“சின்னவன் எங்கே பிடிச்சான்? அவன் அழுதுக்கிட்டு இருந்தான். வைத்திதானே ரெண்டு பேரையும் பிடிச்சிருந்தான்.”

மாசிலாமணி அன்றைக்கே தூரத்து ஊரில் இருந்த தன் மாமியை, இறந்துபோன தாய்மாமனின் மனைவியை, தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

“ஆமா, மூத்தவன் ஒருத்தன் இருந்தான்” என்றார் மாமி. “புயலுக்கு அப்புறம் காய்ச்சல் கண்டு போயிட்டான். உங்கம்மா அவன் சட்டையைக்கூட வெச்சுக்கல. அவன் பேரை யாரும் எடுக்கக்கூடாதுன்னுட்டா. ஊரும் அழிஞ்சுபோயி ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டோம். மரத்துல யாரு யாரைப் பிடிச்சாங்கன்னு நான் பார்க்கல. விடுப்பா, எந்தக் காலத்துக் கதை.”

இவ்வளவையும் சொல்லிவிட்டு மாசிலாமணி நிறுத்தினார்.

“அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஆனா அவன் செஞ்சது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. நான் செஞ்சதா ஞாபகம் இருக்கு.”

மேட்டம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

“அம்மாவை யாரு பார்த்துக்கறாங்க?”

“வீட்ல தையல்நாயகி இருக்கா. அவ பார்த்துக்குவா.”

“சொல்லிட்டு வந்தீங்களா?”

தாயார் அப்படிச் சொன்ன நாளிலிருந்து மாசிலாமணி அவருடைய அறைக்குள் போகவில்லை. காலையில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் நேராகத் துறைக்கு வந்துவிட்டார்.

மேட்டம்மா கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

“ஆயுங்க.”

இருவரும் கீரை ஆய்ந்தார்கள். பனிக்குள் எங்கோ ஒரு நாரை இறங்கியது. சிறகடிப்பு நின்ற பிறகும் வெகுநேரம் அது கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

கீரை முடிந்ததும் மேட்டம்மா, “அந்தக் கதையைச் சொல்லுங்க” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமே.”

“சொல்லுங்க.”

மாசிலாமணி சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. எப்போது எழுந்து நின்றார் என்பது அவருக்கே தெரியவில்லை. காற்று வந்த இடத்தில் கையை வீசினார். தண்ணீர் ஏறிய இடத்தில் குரலைத் தாழ்த்தினார். தங்கையிடம் ‘பயப்படாதே, அண்ணன் இருக்கேன்’ என்று சொன்ன இடத்தில், எப்போதும்போலக் கண் கலங்கியது.

“நல்லாச் சொல்றீங்க” என்றார் மேட்டம்மா. “இப்ப இதுல யாரோ சொல்லி உங்களுக்கு வந்தது எதெதுன்னு பாருங்க. அதையெல்லாம் விட்டுட்டு மறுபடி சொல்லுங்க.”

அது சுலபமான வேலை என்று அவர் நினைத்தார்.

அன்று மாலைவரை யோசித்தார். அது ஐப்பசி மாதம் என்பது அம்மா சொன்னது. விட்டார். தண்ணீர் கோயில் கதவின் பாதிவரை ஏறியது என்பது அப்பா சொன்னது. விட்டார். அது பூவரச மரம் என்பதும் யாரோ சொன்னதுதான். அந்த வயதில் எந்த மரத்தின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதையும் விட்டார்.

மறுநாள் சொன்னபோது கதை குறுகியிருந்தது. நின்றுகொண்டு சொல்லவில்லை.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார் மேட்டம்மா.

“இன்னும் என்ன இருக்கு?”

“பாருங்க.”

அவர் மேட்டிலேயே தங்கினார். அங்கே பகல்கள் ஒன்றுபோல ஒன்று வந்தன. தண்ணீர் ஏறும்போது மரங்களின் வேர்கள் மறையும். இறங்கும்போது சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே எழும்பி நிற்கும். வெயில் ஏறினால் தூரத்துத் திட்டுகள் தரையை விட்டுக் கிளம்பி, காற்றில் மிதப்பதுபோலத் தெரியும். அதைப் பார்த்தபடி தூணில் சாய்ந்திருப்பார். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று சில நேரம் தெரியாது.

அப்படிச் சாய்ந்திருந்த ஒரு மதியத்தில் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா, ‘பயப்படாதே, அண்ணன் இருக்கேன்’ங்கறது ட்ரில் மாஸ்டர் எழுதினது.”

“எந்த ட்ரில் மாஸ்டர்?”

“நான் படிச்ச ஸ்கூல்ல. ஆண்டு விழாவுக்கு என் கதையை நாடகமாப் போட்டாங்க. நானே நானா நடிச்சேன். மேடையில ஒரு பலகை மரம் செஞ்சிருந்தாங்க. தங்கச்சிக்குப் பதிலா ஒரு பஞ்சு பொம்மை. அதோட கால்ல சலங்கை கட்டியிருந்தாங்க, கூட்டத்துக்கு எங்கே குழந்தைன்னு தெரியறதுக்காக.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். மடக்கி, நீட்டி, மறுபடியும் மடக்கினார்.

“தங்கச்சி கால்ல சலங்கை குலுங்கினது எனக்கு ஞாபகம் இருக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். ராத்திரி முழுக்கப் பிடிச்சிருந்தும் அவ கனமே தெரியலன்னு சொல்லியிருக்கேன். பாசத்துக்குக் கனம் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்.”

சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

“பஞ்சு பொம்மை எப்படிம்மா கனக்கும்?”

அடுப்பில் கஞ்சி கொதித்தது. மேட்டம்மா அதைக் கிளறிவிட்டார்.

அதற்குப் பிறகு கதை வேகமாக உதிர்ந்தது. இருட்டு போனது. இடி போனது, அதுவும் மேடையில் ஒருவர் தகரத்தைத் தட்டிக் காட்டியது. விடிந்ததும் அப்பா ஓடி வந்தது போனது. எல்லாம் போன பிறகு ஒரு காலையில் அவர் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு தணிந்த குரலில், யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னார்.

“எறும்பு கடிக்குது. கழுத்துல. மரத்துல ஏறின எறும்பெல்லாம் என் மேல ஏறுது. தட்டிவிடணும்னு தோணுது. தட்டிவிட முடியல.”

“ஏன்?”

“ரெண்டு கையாலயும் எதையோ பிடிச்சிருக்கேன்.”

சொன்னதும் அவர் கண்ணைத் திறந்தார்.

“ரெண்டு கையும் அதைப் பிடிச்சிருந்தா, தங்கச்சி என்கிட்ட இல்ல.”

மேட்டம்மா காத்திருந்தார்.

“முகத்தை அதுலதான் அழுத்தி வெச்சிருக்கேன். ஈரமா இருக்கு. ஆனா சூடா இருக்கு. ஏறுது, இறங்குது.” அவர் மேட்டம்மாவைப் பார்த்தார். “அத்தனை மழையில மரம் சூடா இருக்குமா, அம்மா?”

மாசிலாமணி முகத்தை மேல்துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“இது உண்மையிலயே எனக்குள்ள இருந்ததா? இல்ல, எங்கம்மா சொன்னதைக் கேட்டதால இப்பப் புதுசா உண்டானதா?”

“எனக்குத் தெரியாது சார்.”

“உங்களுக்குத் தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

அவருக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கும் பொறுப்பேற்க மாட்டேன் என்கிறாரே என்று இருந்தது. இவ்வளவு நாள் இங்கே கீரை ஆய்ந்ததுதான் கண்ட பலனா என்று கேட்டுவிட வாயெடுத்தார். கேட்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றார்.

மேட்டம்மா பின்னாலேயே வந்து, கட்டியிருந்த சிறிய படகை அவிழ்த்தார்.

“ஏறுங்க.”

மூங்கில் கழியை ஊன்றி அவரே படகைத் தள்ளினார். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த ஓடை வழியாகப் போய், படகு பெரிய உப்பங்கழிக்கு வந்தது. அங்கே பனி இன்னும் கெட்டியாக இருந்தது. தண்ணீரும் வெள்ளை, வானமும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. படகு மிதக்கிறதா தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. சற்று தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு சிறுவன் நிற்பதுபோல மாசிலாமணிக்குத் தெரிந்தது. அருகே போனபோது அது பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை. அதைத் தாண்டிப் போன பிறகும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மேட்டம்மா கழியை எடுத்துப் படகுக்குள் கிடத்திவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தானாகவே படகை மெல்ல நகர்த்திக்கொண்டு போனது.

“அம்மா” என்றார் மாசிலாமணி, கோபம் தணிந்த குரலில். “அது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தப் பொய்யாலதான் நான் நல்லவனா இருந்தேன். இன்னொருத்தர் கஷ்டத்தைப் பார்த்துட்டுச் சும்மா போனதில்ல. போனா, மரத்துல தங்கச்சியைப் பிடிச்சவன் இப்படிப் போகலாமான்னு மனசு கேக்கும். ஒரு தடவை கோயில் குளத்துல ஒரு பையன் முழுகிட்டான். கரையில அத்தனை பேரு நின்னாங்க. நான்தான் குதிச்சேன்.”

“குதிக்கறப்ப என்ன நெனச்சீங்க?”

அவர் யோசித்தார்.

“ஒண்ணும் நெனக்கல. வேட்டி கால்ல சுத்திக்கிச்சு. தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“இந்தக் கதை அப்ப வரலியா?”

“வரல. கரையேறினதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ஜனங்க கை தட்டினாங்க. அன்னிக்குத் தங்கச்சி, இன்னிக்கு இந்தப் பிள்ளைன்னு ஒருத்தர் சொன்னாரு. மறுநாள் ஸ்கூல்லயும் சொன்னேன். மாலை போட்டாங்க. சாமந்தி மாலை.”

“அந்தப் பையன் பேரு என்ன?”

மாசிலாமணி சொல்ல வாயைத் திறந்தார்.

பெயர் வரவில்லை. முகம் வருமா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. பையனின் தகப்பன் வந்து கும்பிட்டது வந்தது. மாலையின் வாசம் வந்தது. கை தட்டியவர்களில் யார் யார் முன்வரிசையில் நின்றார்கள் என்பதுகூட வந்தது. தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய அந்தப் பையன் மட்டும் வரவில்லை.

படகு எங்கோ மெல்ல முட்டி நின்றது. பனிக்குள் நாய் ஒன்று குரைத்தது. யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அது மேடு இல்லை. அவருடைய ஊர்த் துறை.

மேட்டம்மா கழியை எடுத்து ஊன்றி, படகு நகராமல் பிடித்துக்கொண்டார். மாசிலாமணி இறங்கினார். மேட்டம்மா ஏதாவது சொல்வார் என்று கரையில் நின்று பார்த்தார். படகு திரும்பிப் பனிக்குள் போய்விட்டது.

வீட்டில் தையல்நாயகி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“வந்தாச்சா” என்றாள்.

“ம்.”

“நேத்திக்கெல்லாம் தூங்கவே இல்ல அவங்க. வைத்தி வைத்தின்னு ஒரே பேச்சு. யாரு அதுன்னு எனக்கும் தெரியல. இதை நீங்களே குடுத்துடுங்க. நான் கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன்.”

கிண்ணத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மாசிலாமணி அறைக்குள் போனார். தர்மாம்பாள் கட்டிலில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தார்.

“நீ யாருப்பா?”

இந்தக் கேள்விக்கு இதுவரை அவர் எத்தனையோ பதில் சொல்லியிருந்தார். மாசிலாமணி என்று. உங்க மகன் என்று. தலைமையாசிரியர் என்றுகூட ஒருநாள் எரிச்சலில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் தர்மாம்பாள், அப்படியா, யாரோ பாவம் என்பதுபோலப் பார்ப்பார்.

கஞ்சிக் கிண்ணம் கையைச் சுட்டது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வைத்தியோட தம்பி” என்றார்.

தர்மாம்பாளின் கண்கள் மெல்ல அவர் மேல் வந்து நின்றன.

“சின்னவனா?”

“ஆமாம்மா.”

“ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? உக்காரு.”

காலைச் சற்றே நகர்த்தி இடம் விட்டார். மாசிலாமணி உட்கார்ந்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து அவரை நிமிர்த்தி, மறு கையால் ஒரு வாய் ஊட்டினார். தர்மாம்பாள் விழுங்கினார்.

“அவன் எப்படிம்மா இருப்பான்?”

“யாரு?”

“வைத்தி.”

தர்மாம்பாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை.

“பல்லிக்குப் பயப்படுவான்” என்றார். “இடி விழுந்தாலும் அசைய மாட்டான். பல்லியைக் கண்டா என் பின்னால வந்து ஒளிஞ்சுக்குவான். இடது கையால சாப்பிடுவான். அப்பா அடிப்பாரு. அப்பவும் இடது கைதான்.”

அன்று கிண்ணம் காலியாயிற்று.

அதற்குப் பிறகு வேளாவேளைக்கு அவரே ஊட்டினார். ஒவ்வொரு வேளையும், நீ யாருப்பா என்ற கேள்வி வரும். வைத்தியோட தம்பி என்பார். உடனே இடம் கிடைக்கும். தர்மாம்பாள் சொல்வார், அவர் கேட்பார். அவன் சீட்டியடித்தால் ஆடுகள் திரும்பிப் பார்க்கும். அவன் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழா பார்ப்பான். கேட்கக் கேட்க, முகமில்லாத அந்தச் சிறுவன் அந்த வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடமாடத் தொடங்கினான். பொங்கலுக்கு வந்த சௌந்தரம் காலில் விழக் குனிந்தபோது மாசிலாமணி அவளைப் பாதியில் பிடித்து நிறுத்தி, அம்மாவின் அறைக்கு அழைத்துப் போனார். அவளும் கேட்டாள். வெளியே வந்து, அண்ணனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் கதைகள் மாறின.

ஒருநாள் வைத்தி நெட்டையாக இருந்தான். மறுநாள் குட்டையாக இருந்தான். ஒருநாள் இடது கைக்காரன். இன்னொரு நாள், அவனுக்கு என்ன, நல்ல வலது கையால்தான் சாப்பிடுவான் என்றார். அதையெல்லாம் மாசிலாமணி பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு மதியம், இரண்டு வாய் கஞ்சிக்கு நடுவே, தர்மாம்பாள் சொன்னார்.

“புயலன்னிக்கு வைத்தி எங்க கூட நடவுக்கு வந்திருந்தான். வீட்ல சின்னவன்தான் இருந்தான். பாவம், ஒத்தையாப் பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு மரத்துல இருந்திருக்கான்.”

மாசிலாமணியின் கை நின்றது.

அவருக்குள் ஏதோ ஒன்று, பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாய்போல, காதை நிமிர்த்தி எழுந்தது. அது எழுந்த வேகம் அவருக்கே அச்சமாக இருந்தது. இத்தனை நாளும் அது போகவே இல்லை, ஓரமாகப் படுத்துத்தான் இருந்தது. மைதானம், பிள்ளைகள், சாமந்தி மாலை எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. உடனே, ஈரமாக, சூடாக, ஏறி இறங்கிய அந்த ஒன்றும் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன.

மிச்சக் கஞ்சியை எப்படியோ ஊட்டி முடித்தார். வாயைத் துடைத்துவிட்டார். அடுத்த அமாவாசைக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலைக் கஞ்சியை ஊட்டிவிட்டு, தையல்நாயகியிடம் சொல்லிக்கொண்டு, படகேறினார்.

மேட்டில் பனி இல்லை. இளவெயிலில் உப்பங்கழி முழுவதும் மினுங்கியது. மேட்டம்மா கொட்டகையின் கூரைக்குக் கீற்று கட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கீழே நின்று கீற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காது நிமிர்த்தி எழுந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

“வெட்கமா இருக்கும்மா. ஆனா கேக்காம இருக்க முடியல. வைத்தி பிடிச்சிருந்தான்னு ஒருநாள் சொல்றாங்க. நான் பிடிச்சிருந்தேன்னு ஒருநாள் சொல்றாங்க. அம்மாவுக்கு இனிமே தெளியப்போறதில்ல. அவங்களுக்கு அப்புறம் கேக்கறதுக்கும் ஆள் இல்ல. எதை நம்பறது?”

மேட்டம்மா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“வைத்தி பிடிச்சான்னு சொன்ன அன்னிக்குக் கஞ்சி குடிச்சாங்களா?”

“குடிச்சாங்க.”

“நீங்க பிடிச்சீங்கன்னு சொன்ன அன்னிக்கு?”

அவர் நினைத்துப் பார்த்தார்.

“அன்னிக்கும் குடிச்சாங்க.”

மேட்டம்மா கூரையிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்.

“கிளம்புங்க சார். இப்பப் போனாத்தான் மதியத்துக்குப் போய்ச் சேர முடியும். அவங்களுக்குப் பசிக்கும்.”